கடைக் கிரீஸ் என்று எழுதிய அட்டை

லண்டனில் முப்பது வருடத்துக்குக் கிட்ட நான் செய்த வேலையைச் சொன்னால், கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரை காலியாகிவிடும். மேசையைச் சுற்றி இருப்பவர்கள் கணக்காளர், பெற்றோல் ஸ்டேஷன், கவுன்சில் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு வருவார்கள். என் முறை வந்ததும் நான் "துப்பாக்கிக் கடை" என்பேன். கிங்ஸ்பரியில் பெரியபிள்ளையான ஒரு பெண்ணின் சாமத்திய வீட்டில், எனக்குச் சோறு போட வந்தவர் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். "அண்ணை, உதுகளை இஞ்ச சத்தமாக் கதைக்காதேங்கோ" என்று காதுக்குள் சொல்லிவிட்டு, பயத்தில் அப்பளம் இரண்டாக வைத்தார்.

அவர் பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. நான் வேலை செய்தது, குழலின் வாய் வழியாகக் கருமருந்தையும் குண்டையும் இட்டு, கோலால் தள்ளி நிரப்பும் பழைய வகை ரைபிள்களோடு. இங்கே சனம் அவற்றைப் பொலிஸ் அனுமதி எடுத்து கிளப்புகளில் சுடுகிறது. கடதாசியில் ஓட்டை போடுவதைத் தவிர வேறு நோக்கம் கிடையாது. வாடிக்கையாளருக்குப் பொருந்தும் ரைபிளைத் தெரிவு செய்வது முதல் வேலை. பிறகு அந்த ரைபிளுக்கு எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு, எந்தத் துணி சரி என்று சுட்டுப் பார்த்து, ஓர் அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சேர்க்கையை நாங்கள் லோட் என்போம்.

ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது. இப்போது என் இடத்தில் இருப்பவள் ஹரிணி. செவன் கிங்ஸில் வளர்ந்த பிள்ளை, பொறியியல் படித்தவள், என்னைவிட நூறு மடங்கு கெட்டிக்காரி. அவளுடைய மேசையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. ரைபிளின் விவரங்களைக் கொடுத்தால் லோட் என்னவென்று அது சொல்லிவிடுமாம். போன மாதம் எனக்குப் போன் எடுத்தாள்.

"அங்கிள், கம்ப்யூட்டர் ஒண்டு சொல்லுது, ரைபிள் வேறை சொல்லுது. நீங்கள் அப்ப என்னெண்டு செய்தனீங்கள்? ஒரு பேஜ் எழுதித் தாங்கோ, ப்ளீஸ்."

ஒரு பக்கமாம். எனக்கு ஒரு பக்கத்தில் மூச்சு விடவும் வராது. ஆனாலும் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, நான் சொல்ல வேண்டியது மருந்தளவு அல்ல, நான் செய்த ஒரு பிழை என்று தெரிந்தது.

அந்தக் கடைக்கு நான் போனது பெட்டி தூக்க. எட்மண்டனில் ஓர் அறையில் நாலு பேராக இருந்த காலம். வேலை தேடித் தரும் கந்தோரில் "ஸ்போர்ட்ஸ் சாமான் கடை" என்று சொல்லி அனுப்பினார்கள். கிரிக்கெட் மட்டை என்று நினைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு போனேன். உள்ளே போனால் சுவர் முழுக்கத் துப்பாக்கி. ஊரில் வெடிச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் பாய்ந்தவன் நான். முதல் இரண்டு கிழமையும் அந்தச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் பெட்டி தூக்கினேன். பக்கத்தில் ஒருவர் துப்பாக்கியின் விசைப்பூட்டைத் தட்டிப் பார்த்தாலும் என் முதுகு கூசும்.

அந்தப் பயத்தைப் போக்கியது இந்தப் பழைய ரைபிள்கள்தான். ஒரு முறை சுட்டுவிட்டு அடுத்ததுக்கு நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டும். துடைக்க வேண்டும், அளக்க வேண்டும், தள்ள வேண்டும். இதை வைத்துக்கொண்டு ஒருவரும் ஒரு ஊரைக் கலைக்க முடியாது என்று எனக்குப் பட்டது. சாமான் அறையிலிருந்து பட்டறைக்குப் போக மூன்று வருடம், பொலிஸ் விசாரணைகள், கடவுச்சீட்டு, படிவங்கள். அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான், விட்டுவிடுகிறேன்.

பட்டறையில் என் மேலாளர் மிஸ்டர் பிரிச்சர்ட். வேல்ஸ்காரர், அறுபதைத் தாண்டியவர். மெல்லிய ஆள், எப்போதும் கழுத்துப்பட்டி. "நல்லது" என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. வேலை சரியென்றால் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்குவார். பிழையென்றால் "மறுபடி, மிஸ்டர் சிவா" என்பார். கோபம் இருக்காது, ஆனால் காலை பத்து மணிக்குச் சொன்னால் பின்னேரம் ஐந்து மணிக்கும் அதே குரலில் அதையே சொல்லுவார். ஒருவரிடமும் சொந்தக் கதை கேட்கமாட்டார். ஊரில் என்ன நடந்தது, வீட்டில் எத்தனை பேர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது அவருக்கு மரியாதை. எனக்கும் அப்போது அது வசதியாக இருந்தது.

ரைபிள் தெரிவு செய்வதை அவர் எனக்குக் காட்டித் தந்த வரிசை இதுதான். முதலில் கோலைக் குழலுக்குள் இறக்கி, அது அடிவரை போகிறதா என்று பார்க்க வேண்டும். போகாவிட்டால் உள்ளே யாரோ நிரப்பி வைத்திருக்கிறார்கள். நூறு தரம் வெறுமையாக இருந்தாலும் நூற்றியோராவது தரமும் பார்க்க வேண்டும். பிறகு கோலின் நுனியில் இறுக்கமான துணியைச் சுற்றி மெதுவாக உள்ளே தள்ளி இழுக்க வேண்டும். துருப்பிடித்த இடத்தில் துணி கிரகிரவென்று பிடிக்கும். அதைக் கை சொல்லும், கண்ணுக்குத் தெரியாது.

அதே துணியும் கோலும் இன்னொன்றையும் சொல்லும். குழலுக்குள் வரிப்பள்ளங்கள் திருகிக்கொண்டு போகின்றன. கோலில் ஒரு கோடு போட்டு இழுத்தால், எவ்வளவு தூரத்தில் எவ்வளவு திரும்புகிறது என்று தெரிந்துவிடும். உருண்டைக் குண்டுக்கு மெதுவான திருகல் வேண்டும், நீளக் குண்டுக்கு விரைவான திருகல் வேண்டும். இதை மாறி வாங்கினவருக்கு எந்த மருந்தளவும் உதவாது. வெள்ளி வேலைப்பாடு, வால்நட் கட்டை என்று அழகு பார்த்து வாங்கிக்கொண்டு வந்து என்னோடு சண்டை பிடித்தவர்கள் கனபேர். பொறுமை இல்லாத ஆள் நான், அவர்களோடு நன்றாகவே சண்டை பிடித்திருக்கிறேன்.

கடைசியாக ஆளைப் பார்ப்பது. கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வைக்கச் சொல்லுவோம். கண்ணைத் திறக்கும்போது முன் குறியும் பின் குறியும் நேராக இருந்தால் அந்த ரைபிள் அந்த ஆளுக்குரியது.

நான் கடையில் சேர்ந்து ஒன்பதாம் வருடம் மிஸ்டர் பிரிச்சர்ட் ஓய்வு பெறப்போவதாகச் சொன்னார். செப்டெம்பர் முடிவில் போகிறார். கடையின் முதலாளி மிஸஸ் ஹாலம். நல்ல மனுசி, ஆனால் சுற்றி வளைத்துப் பேசமாட்டார். பிரிச்சர்டோடு சேர்த்து லோட் பார்க்கும் வேலையையும் மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பிரிச்சர்ட் போனால் அந்த மேசையில் இருக்க நான் ஒருவன்தான், நானோ இதுவரை சொந்தப் பெயரில் ஓர் அட்டைகூட எழுதினதில்லை. மேசை போனால் எனக்கு மறுபடியும் சாமான் அறைதான். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. திரும்பப் போய்ப் பெட்டி தூக்க எனக்கு மனம் இல்லை.

"அடுத்து வரும் வாடிக்கையாளரை நீங்களே பாருங்கள், மிஸ்டர் சிவா. அட்டையில் உங்கள் பெயர்" என்றார் பிரிச்சர்ட்.

அடுத்து வந்தவர் யோகேஸ்வரி அக்கா.

ஒரு வெள்ளிக்கிழமை, நெற்றியில் திருநீறும் கையில் பொலிஸ் சான்றிதழுமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஐந்தடி உயரம் இருக்கும். கிங்ஸ்பரியில் சாறி பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருப்பவர். ஐம்பது வயது. அதற்கு முன்னர் பதினாறு வருடம் ஜேர்மனியில் ஒரு சின்ன ஊரில் இருந்திருக்கிறார். அங்கே ஊருக்கு ஊர் துப்பாக்கிக் கிளப் இருக்குமாம். ஊர்ச் சனத்தோடு பழக வேறு வழி இல்லை என்று கணவனும் மனைவியுமாகச் சேர்ந்திருக்கிறார்கள்.

"அவர் ரெண்டு மாசத்திலை விட்டிட்டார், தம்பி. எனக்குத்தான் பிடிச்சுப் போச்சுது. ஊசியிலை நூல் கோக்கிற மாதிரித்தானே. மூச்சைப் பிடிச்சுக்கொண்டு ஒரு இடத்தைப் பாக்கிறது."

அந்தக் கடையில் ஒன்பது வருடத்தில் நான் தமிழில் பேசிய முதல் வாடிக்கையாளர். எனக்குச் சந்தோசம் தலைக்கு ஏறிவிட்டது. அவருக்கு நீளமான ஒரு ரைபிளில் கண். அதைத் தோளில் வைத்தபோது முனை ஆடியது. நான் கட்டை குட்டையான, உருண்டைக் குண்டுக்கான மெதுவான திருகல் உள்ள ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கண்ணை மூடி, தோளில் வைத்து, திறந்தார். "ஓம், இதுதான்" என்றார். எனக்கும் தெரிந்தது.

அடுத்த கிழமை சர்ரேப் பக்கம் இருக்கும் ரேஞ்சில், அதாவது சுடுகளத்தில், நான் தனியாக அந்த ரைபிளுக்கு லோட் பார்த்தேன். குடுவையிலிருந்து மருந்தை நேரே குழலுக்குள் ஊற்றக்கூடாது, முதலில் அளவைக் குழாயில் ஊற்றி அளந்த பிறகே ஊற்ற வேண்டும். உள்ளே ஒரு தணல் கிடந்தால் குடுவை கையிலேயே போய்விடும். மருந்துக்கு மேல், கிரீஸ் தடவிய துணி வட்டம். அதன்மேல் ஈயக் குண்டு. துணி குண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வரிப்பள்ளத்தில் இறுகிப் போகும். கோலால் ஒரே அழுத்தமாக, கோலில் ஆழம் காட்டும் கோடு வரைக்கும் தள்ள வேண்டும். ஐந்து சுட்டுவிட்டு மருந்தை ஐந்து கிரெய்ன் கூட்ட வேண்டும்; கிரெய்ன் என்பது மருந்துக்கான ஒரு சின்ன எடை அளவு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் குழலைத் துடைக்க வேண்டும். அறுபது கிரெய்னில் ஐந்து துளைகளும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையால் மூடக்கூடிய அளவுக்குள் விழுந்தன.

அட்டையை எழுத உட்கார்ந்தேன். மருந்து, குண்டு, துணியின் தடிப்பு எல்லாம் எழுதினேன். கிரீஸ் என்ற வரியில் பேனா நின்றுவிட்டது.

எங்கள் பட்டறையின் கிரீஸ், தேன்மெழுகும் மாட்டுக்கொழுப்பும். பிரிச்சர்ட் தன் கையால் உருக்கிச் செய்வது. முதல் தரம் அதைத் தொட்ட அன்று மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன். பிறகு பழகிவிட்டது. வீட்டில் கேட்டால் "மெழுகு" என்று சொல்லிவைத்திருந்தேன். இப்போது யோகேஸ்வரி அக்காவின் நெற்றித் திருநீறு கண்ணுக்கு முன்னால் நின்றது. மாட்டுக்கொழுப்பு என்று எழுதினால் அவர் என்ன நினைப்பார்? "இவன் இவ்வளவு காலமாக இதைத்தானா தொட்டுக்கொண்டிருக்கிறான்" என்று நினைக்கமாட்டாரா? கிங்ஸ்பரி முழுக்கக் கதை போய்விடாதா?

"கடைக் கிரீஸ்" என்று எழுதி, கீழே என் பெயரை வைத்தேன். கிரீஸ் தடவிய துணி வட்டங்கள் நூறையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன்.

மூன்று கிழமையில் அவர் திரும்பி வந்தார். இலக்குத் தாளை மேசையில் விரித்தார். சிதறு தேங்காய் அடித்த மாதிரி ஓட்டைகள் தாள் முழுக்கக் கிடந்தன. இரண்டு குண்டு தாளிலேயே இல்லை.

"தம்பி, என்ரை பிழையாத்தான் இருக்கும்" என்றார்.

நான் ரைபிளை எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போனேன். எங்கள் துணி, எங்கள் கிரீஸ், அறுபது கிரெய்ன். தேத்தண்ணிக் கோப்பைக்குள் ஐந்தும். திருப்பிக் கொடுத்தேன். பத்து நாளில் மறுபடி வந்தார், மறுபடி சிதறு தேங்காய். வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். "பெண்பிள்ளை, சத்தத்துக்குக் கண்ணை மூடுகிறா போல" என்று நான் மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். ஜேர்மனியில் வருடக்கணக்காகச் சுட்ட ஆள் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

மிஸஸ் ஹாலம் என்னைக் கூப்பிட்டார். மூன்றாம் தரமும் திரும்பி வந்தால் ரைபிளைத் திருப்பி எடுத்துக்கொண்டு, அதோடு லோட் பார்ப்பதையும் நிறுத்திவிடுவதாகச் சொன்னார். செப்டெம்பர் முடிய இன்னும் ஏழு கிழமை இருந்தது. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலை நான் திறக்கவில்லை.

பிரிச்சர்டிடம் போனேன். இரண்டு இலக்குத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "வாடிக்கையாளரோடு ரேஞ்சுக்குப் போங்கள். ரைபிளைத் தொடாதீர்கள். ஆலோசனை சொல்லாதீர்கள். சுட்ட பிறகு நிலத்தைப் பாருங்கள்" என்றார்.

சனிக்கிழமை போனோம். நான் பின்னால் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். யோகேஸ்வரி அக்கா அளவைக் குழாயில் மருந்து அளந்தது, தட்டி மட்டம் பார்த்தது எல்லாம் கச்சிதம். ஆனால் துணியை எடுக்கும்போது மட்டும் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். ஒவ்வொரு தரமும் அப்படித்தான். சுடும்போது கண் மூடவில்லை, தோள் ஆடவில்லை. குண்டு மட்டும் எங்கோ போனது.

சுடுவதை நிறுத்தச் சொல்லி விசில் ஊதியதும் முன்னால் போய்ப் புல்லுக்குள் தேடினேன். சுட்ட துணி சில அடி தூரத்தில் விழுந்து கிடக்கும். நல்ல துணி என்றால் நடுவில் கறுத்து, ஓரம் பிரிந்து, முழுதாக இருக்கும். நான் எடுத்தது நடுவில் எரிந்து பொத்தலாகி, பப்படம் மாதிரி நொறுங்கியது. எங்கள் துணியே அல்ல. மெல்லிய வெள்ளைத் துணி, பிளவுசுக்கு உள்ளே வைக்கும் லைனிங். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். நல்லெண்ணெய்!

வாங்கில் வந்து இருந்தேன். பக்கத்தில் வைத்த துணியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"அக்கா, நான் தந்த துணி எங்கை?"

"கோவிக்காதேங்கோ, தம்பி." பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணியை ஊற்றி எனக்குத் தந்தார். "பெட்டியைத் திறந்தவுடனை மணத்துப் போச்சுது. ஜேர்மனியிலையும் சில பேர் அதைத்தான் பூசுவினம், எனக்கு அந்த மணம் தெரியும். நான் அங்கை எலுமிச்சம் மணத்தோடை ஏதோ ஒரு போத்தல் எண்ணெய் வைச்சிருந்தனான், அது இஞ்ச கிடைக்கேல்லை. சாமி அறையும் தையல் அறையும் எனக்கு ஒண்டுதான். அதைக் கொண்டுபோய் அங்கை வைக்க ஏலாது. வெளியாலை போட்டிட்டு, என்னட்டை இருந்த துணியிலை வெட்டி நல்லெண்ணெயிலை ஊறப் போட்டனான்."

"அதை என்னட்டைச் சொல்லியிருக்கலாமே, அக்கா!"

"என்னெண்டு சொல்லுறது? நீங்களும் எங்கட ஆள். ஒவ்வொரு நாளும் அதைத் தொட்டு உழைக்கிறியள். அதைப் போய் நான் எடுத்துச் சொன்னால் உங்கட மனம் என்ன பாடுபடும்? பேசாமல் விடுவம் எண்டு விட்டன். உங்கட பேர் கெட்டுப்போகுமெண்டு நான் நினைக்கேல்லை, தம்பி."

அவர் என்னை என்ன நினைப்பார் என்று நான் மறைத்தேன். என் மனம் நோகக்கூடாது என்று அவர் மறைத்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு நல்ல ரைபிளைக் கெடுத்து வைத்திருந்தோம். ஓர் ஆங்கிலேயர் இந்தப் பெட்டியை வாங்கியிருந்தால், "என்ன நாற்றம் இது" என்று அடுத்த நாளே போன் எடுத்திருப்பார்.

திரும்பி வரும்போது மோட்டார்வேயில் வாகனங்கள் நகரவில்லை. பிரிச்சர்டிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். "வாடிக்கையாளர் துணியை மாற்றிவிட்டார், சேர்." அவ்வளவுதான். முழு உண்மை. அதைச் சொன்னால் பிழை அவருடையது, அட்டை சரி, மேசை எனக்கு. யோகேஸ்வரி அக்காவுக்குக்கூட அதனால் ஒரு நட்டமும் இல்லை. கடைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அதைத்தான் சொல்வதாக இருந்தேன்.

பிரிச்சர்ட் எரிந்த துணியை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மணந்தார்.

"என்ன எண்ணெய்?"

"எள், சேர்."

"மெல்லிய துணி. எண்ணெய் மருந்துக்குள் இறங்கியிருக்கும். ஏன் மாற்றினார்?"

ஒத்திகை பார்த்தது வாயில் வரவில்லை. நான் தந்த கிரீசில் மாட்டுக்கொழுப்பு இருந்ததையும், அவர் அதைத் தொடமாட்டார் என்று எனக்கு முதல் நாளே தெரியும் என்பதையும், தெரிந்துகொண்டே "கடைக் கிரீஸ்" என்று எழுதியதையும் சொன்னேன்.

அவர் அட்டையை எடுத்து அந்த வரியை வாசித்தார். "அப்படியென்றால் அட்டை பொய்."

"ஓம், சேர்."

அட்டையை மேசையில் வைத்தார். பிறகு கேட்டார். "உங்களுக்கும் அதே பிரச்சினையா, மிஸ்டர் சிவா? நீங்கள் கையால் சாப்பிடுகிறவர். கிரீஸ் செய்யும் நாளில் மட்டும் கரண்டி கொண்டு வருகிறீர்கள். ஆறு வருடமாகப் பார்க்கிறேன். கேட்க வேண்டும் என்று நினைத்தேன், கேட்கவில்லை. அது சரியான காரியம் இல்லை."

"ஓம், சேர்" என்றேன். அந்த மனுசன் என்னைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"அட்டையின் பின்பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள். பிறகு மறுபடி" என்றார்.

மறுபடி தொடங்கினோம். இந்த முறை யோகேஸ்வரி அக்காவையும் பட்டறைக்கு வரவழைத்தேன். பருத்தித் துணிகள் பதினொன்றை மேசையில் பரப்பினேன். நான் தடிப்பை அளக்கும் மைக்ரோமீட்டரை எடுக்க முதல் அவர் விரலுக்கு இடையில் உருட்டிப் பார்த்து மூன்றை ஒதுக்கிவிட்டார். "இது கஞ்சி போட்ட தடிப்பு, தோய்ச்சால் போயிடும். இது நெருக்கமான நெசவு. ஆனால் முதல்லை தோய்ச்சுச் சுருங்க விட்டிட்டுத்தான் வெட்டவேணும்." மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன், அவர் விரல் சொன்னது அச்சொட்டாக இருந்தது. பிரிச்சர்ட் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார்.

கிரீஸ்தான் படுத்தியது. தேன்மெழுகில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. "தேனையே அபிசேகத்துக்கு ஊத்திறம், மெழுகு என்ன செய்யும்?" என்றார். அதோடு தேங்காயெண்ணெய் சேர்த்தோம். காலையில் கல்லாகக் கிடந்தது, வெயில் ஏறியதும் தண்ணியாக ஓடியது. நல்லெண்ணெய் சேர்த்தால் மூன்றாவது வெடியிலேயே குழலுக்குள் கரி இறுகி, கோலைத் தள்ள முடியவில்லை. இரண்டு சனிக்கிழமை இப்படியே போய்விட்டது. மூன்றாவது சனிக்கிழமை அவர் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். ஆமணக்கெண்ணெய்.

"சின்ன வயசிலை மூக்கைப் பிடிச்சுப் பருக்கிறவை. அப்ப வயித்தைக் கழுவினது, இப்ப உந்தக் குழாயைக் கழுவுதோ பாப்பம்" என்று சிரித்தார்.

கழுவியது. கரி இளகி, கோல் வழுக்கிக்கொண்டு போனது. பத்தாவது வெடிக்கும் அதே அழுத்தம்தான். புல்லில் பொறுக்கிய துணிகள் நடுவில் கறுத்து, முழுதாக இருந்தன. திரும்ப உபயோகிக்கலாம் போல இருந்தது. மருந்தளவை மட்டும் மறுபடி கீழிருந்து தொடங்கினோம். கிரீசும் துணியும் மாறினால் பழைய அறுபதுக்கு அர்த்தம் இல்லை. ஐம்பதில் துளைகள் நெருங்கி வந்தன, ஐம்பத்தைந்தில் ஒரே இடத்தில் கூடின, அறுபதில் மறுபடி விலகின. புது அட்டையில் ஐம்பத்தைந்து என்று எழுதினேன். கிரீஸ் என்ற வரியில் இரண்டு பங்கு ஆமணக்கெண்ணெய், ஒரு பங்கு தேன்மெழுகு என்று முழுதாக எழுதினேன். பின்பக்கத்தில், முதல் அட்டையில் நான் செய்த பிழையை நாலு வரியில் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

செப்டெம்பர் மூன்றாம் கிழமை மிஸஸ் ஹாலம் தானே ரேஞ்சுக்கு வந்தார். யோகேஸ்வரி அக்கா தன் கையால் வெட்டிய துணியோடு நின்றார். முதல் வெடி தாளின் மூலைக்குப் போனது. மிஸஸ் ஹாலம் என்னைத் திரும்பிப் பார்த்தார். எண்ணெய் பூசி வைத்திருந்த குழலின் முதல் குண்டு எப்போதும் விலகித்தான் போகும், அதைக் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு அது தெரியும். ஆனாலும் சாக்குச் சொல்வது போலாகும் என்று அடுத்த வெடியைப் பார்த்தேன். யோகேஸ்வரி அக்கா ஒன்றும் நடக்காத மாதிரித் துடைத்தார், அளந்தார், தள்ளினார். அடுத்த ஐந்தும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக விழுந்தன. கடைசி இரண்டு துளைகளும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அவர் ரைபிளை வைத்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினார்.

மிஸஸ் ஹாலம் பிரிச்சர்டிடம் கேட்டார். "இவருடைய அட்டைக்கு உங்களால் பொறுப்புச் சொல்ல முடியுமா?"

பிரிச்சர்ட் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தை அவரிடம் நீட்டினார். "தேவையில்லை. அவரே சொல்லியிருக்கிறார். நான் இந்த மேசையில் இருந்த காலம் முழுக்க எத்தனையோ பிழை விட்டிருக்கிறேன். ஒன்றைக்கூட எழுதி வைக்க எனக்குத் துணிவு வரவில்லை."

மிஸஸ் ஹாலம் நாலு வரியையும் வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அழக்கூடாது என்று நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றதை, குளிர் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒக்டோபர் முதல் திங்கட்கிழமை மேசையில் நான் தனியாக இருந்தேன். முதல் ஆளாக வந்தவர் ஆறடிக்கு மேல் உயரமான ஓர் ஆங்கிலேயர், முன்னாள் பட்டாளத்துக்காரர். குரல் கூரையைத் தொட்டது. தன்னிடம் உள்ள ரைபிள் மூன்று மாதமாகச் சரியாகச் சுடவில்லை, மருந்தளவு பிழை, கூட்ட வேண்டும் என்றார். கோலை எடுக்கப் போன கையை நிறுத்தினேன். நாற்காலியைக் காட்டி இருக்கச் சொன்னேன்.

"ரைபிளைப் பிறகு பார்ப்போம், சேர். உங்களைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியது, நீங்கள் ஒருவருக்கும் சொல்லாதது ஏதாவது இருக்கிறதா?"

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ தெரியாது.

"வலது கண்" என்றார். "போய்விட்டது. என் மனைவிக்குக்கூட நான் இன்னும் சொல்லவில்லை."

நான் அவருக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பிறகு உள்ளே போய், இடது தோளில் வைத்துச் சுடுவதற்கென்று பூட்டை இடது பக்கத்தில் வைத்துச் செய்த ரைபிள் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, அவர் கையில் கொடுத்துக் கண்ணை மூடச் சொன்னேன்.